புதுப் பிரதமர், பழைய நாற்காலிகள்: யாரை வைப்பது, யாரை மாற்றுவது?

போன மாதம் ஒரு சாயங்காலம் என் அக்கா மகள் உமையாள் வந்து எங்கள் வீட்டு முகப்பில் உட்கார்ந்தாள். கையில் இருந்த துண்டுச் சீட்டுகளைத் தரையில் பரப்பினாள். ஆத்தங்குடிக் கல் போட்ட தரை. ஒவ்வொரு கல்லும் ஒரு துறையாம், ஒவ்வொரு சீட்டும் ஒரு ஆளாம். கல்லூரியில் மாதிரி நாடாளுமன்றம் நடத்துகிறார்கள். குலுக்கலில் இவளுக்குப் பிரதமர் பதவி விழுந்திருக்கிறது.

கொடுத்திருந்த நிலைமை இது. ஆளும் கட்சியின் தலைவர் ஆட்சியின் நடுவில் விலகிவிட்டார். கட்சிக்குள் நடந்த போட்டியில் உமையாள் ஜெயித்தாள், ஆனால் மயிரிழையில். எதிர்த்து நின்றவருக்குக் கட்சியில் பாதி ஆதரவு இருக்கிறது. நிதி அமைச்சர் அவர் பக்கம் நின்றவர். பொதுத் தேர்தலுக்கு இன்னும் இரண்டு வருஷம். அரிசி பருப்பு விலை ஏறிக்கொண்டே போகிறது. வெள்ளிக்கிழமைக்குள் அமைச்சர்கள் பட்டியலைக் கொடுக்க வேண்டும்.

"அம்மான், இருக்கிற ஆளுகளையே வச்சுக்கிறவா, இல்ல எல்லாரையும் எடுத்துட்டுப் புதுசாப் போடவா?"

கேள்வியில் இருந்த சின்னப் பிழையை முதலில் திருத்தினேன். நம் அரசமைப்பில் "வைத்துக்கொள்வது" என்று தனியாக ஒன்று கிடையாது. பிரதமர் போனால் அவரோடு அமைச்சரவை முழுவதும் போய்விடும். பழைய ஆளையே நீ விரும்பினாலும் குடியரசுத் தலைவரிடம் அவர் பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும், அவரும் மறுபடி பதவிப் பிரமாணம் எடுத்துத்தான் ஆக வேண்டும். அதாவது ஒவ்வொரு கல்லும் இப்போது காலி. பழைய சீட்டை அதே கல்லில் வைத்தால் அதுவும் நீ எடுத்த முடிவுதான். "அவர் போட்ட ஆள்" என்று பின்னால் கை கழுவ முடியாது.

சரி, வழிகளைப் பார்ப்போம்.

பழைய பட்டியலை அப்படியே ஏற்பது முதல் வழி. தமிழ்நாட்டில் இதை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம்: 2016 டிசம்பரில் ஜெயலலிதா மறைந்த இரவே ஓ. பன்னீர்செல்வம் அதே அமைச்சர்களோடு பொறுப்பேற்றார். அது மாநிலம், அதுவும் துக்கத்தின் நடுவில் நடந்தது. நாட்டளவில் நிதானமாகச் செய்தவர் என்றால் சிங்கப்பூரின் லாரன்ஸ் வோங். 2024 மே 15-ல் லீ சியன் லூங்கிடமிருந்து பொறுப்பை வாங்கியபோது பெரும்பாலான அமைச்சர்களை இருந்த இடத்திலேயே விட்டார். நிதித் துறை ஏற்கெனவே அவர் கையில் இருந்தது, அதையும் விடவில்லை. விலகிய லீ மூத்த அமைச்சராக உள்ளேயே இருந்தார். பெரிய மாற்றங்களை எல்லாம் 2025 மே 3-ல் தேர்தலில் ஜெயித்த பிறகுதான் செய்தார். உமையாளின் பெரியப்பா மகன் அங்கேதான் வேலை பார்க்கிறான். டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் பக்கத்தில் இருந்துகொண்டு, "பிரதமர் மாறினதே தெரியலை" என்று போனில் சொன்னானாம். அந்த வழியின் பலம் அதுதான். பலவீனமும் அதுதான். விலைவாசி ஏறிக் கிடக்கிற நாட்டில் பிரதமர் மாறியது யாருக்கும் தெரியவில்லை என்றால், பிறகு எதற்கு மாற்றினீர்கள் என்று கேட்பார்கள்.

இரண்டாவது வழி, வீட்டை ஒட்டுமொத்தமாகக் காலி செய்து வெள்ளையடிப்பது. 2007 ஜூனில் பிரிட்டனில் டோனி பிளேருக்குப் பிறகு பிரதமராக வந்த கார்டன் பிரவுன் ஏறக்குறைய அப்படித்தான் செய்தார். இருவரும் ஒரே கட்சி, பத்து வருஷம் ஒரே அமைச்சரவை. ஆனாலும் நிதிக்கு அலிஸ்டர் டார்லிங், வெளியுறவுக்கு டேவிட் மிலிபாண்ட், உள்துறைக்கு ஜாக்கி ஸ்மித் என்று பெரிய துறைகள் எல்லாம் கைமாறின. பாதுகாப்புத் துறையில் மட்டும் டெஸ் பிரவுன் தொடர்ந்தார். ஸ்மித் பதவியேற்ற மறுநாளே லண்டனில் காருக்குள் வெடிகுண்டு, அதற்கடுத்த நாள் கிளாஸ்கோ விமான நிலையத்தில் தாக்குதல். நாற்காலி சூடாவதற்குள் வந்த சோதனையை அவர் பதறாமல் கையாண்டார். புது ஆள் வந்தால் எல்லாம் கெட்டுவிடும் என்று நான் அடித்துச் சொல்லத் தொடங்கும்போதெல்லாம் எனக்கே குறுக்கே வந்து நிற்கிற உதாரணம் இது.

ஆனால் இதே லண்டனில் 2022 செப்டம்பரில் லிஸ் டிரஸ் செய்தது வேறு. தன்னை ஆதரித்தவர்களாகவே பார்த்துப் பெரிய துறைகளில் போட்டார். எதிர்த்து நின்ற ரிஷி சுனக்குக்கும் அவர் பக்கத்து முக்கியப் புள்ளிகளுக்கும் இடமில்லை. நிதி அமைச்சர் குவாசி குவார்டெங் செப்டம்பர் 23-ல் 4,500 கோடி பவுண்டு வரிக் குறைப்பை அறிவித்தார். பவுண்டு சரிந்தது, அரசுக் கடன் பத்திரச் சந்தை ஆட்டம் கண்டு, நாட்டின் மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கியே தலையிட வேண்டியதாயிற்று. அக்டோபர் 14-ல் குவார்டெங் போனார். மொத்தம் 49 நாளில் டிரஸ்ஸும் போனார். எல்லாருக்கும் கண்ணில் பட்டது அந்த வரித் திட்டம்தான். எனக்கு அதைவிடப் பெரிய கோளாறாகத் தெரிவது, அந்த அறையில் "வேண்டாம்" என்று சொல்லக்கூடிய கனமான ஆள் ஒருவரும் இல்லாமல் பார்த்துக்கொண்டது.

இதை நான் படித்து மட்டும் சொல்லவில்லை. நான் வேலை பார்த்த வங்கிக் கிளைக்கு ஒரு சமயம் புது மேலாளர் வந்தார். வந்த முதல் திங்கட்கிழமையே எல்லாருடைய இருக்கையையும் மாற்றினார். காசாளரைக் கடன் பிரிவுக்கு, கடன் பிரிவில் இருந்தவரை நகைக்கடனுக்கு, இப்படி. அன்றைக்கு ஷட்டரை இறக்கிவிட்டு, கணக்கு நேராகாமல் ராத்திரி ஒன்பது மணி வரை உட்கார்ந்திருந்தோம். தப்பு எங்கே என்று கண்டுபிடிக்கத் தெரிந்த ஒரே ஆள் நகைக்கடன் மேஜையில் உட்கார்ந்து, கேட்டால்தான் சொல்வேன் என்று மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஐயா, அதாவது தாத்தா, பர்மாவில் ஒரு கிட்டங்கியில், வட்டிக்கடையில், அடுத்தாளாக இருந்தவர். அந்தக் கால ஏற்பாடு இந்தக் கேள்விக்கு நேராக உதவும் என்று எனக்குத் தோன்றியது. செட்டிநாட்டில் இருக்கிற முதலாளி, ரங்கூனிலோ மோல்மீனிலோ உள்ள கடைக்கு ஒரு மேலாளை மூன்று வருஷக் கணக்குக்கு அனுப்புவார். அவருக்குக் கீழே அடுத்தாள், அவருக்கும் கீழே பெட்டியடிப் பையன். மூன்று வருஷம் முடிந்ததும் வேறு மேலாள் கப்பல் ஏறி வருவார். வந்தவர் முதலில் பெட்டியை எண்ணுவார், பேரேட்டைப் பார்ப்பார், கொடுக்கல் வாங்கல் எங்கெங்கே நிற்கிறது என்று கேட்டுக்கொள்வார். அடுத்தாளை அவர் தொடமாட்டார் என்று ஐயா சொன்னதாக என் அப்பச்சி, அதாவது அப்பா, சொல்வார்கள். காரணம் பாசம் இல்லை. எந்த விவசாயி எத்தனை வருஷமாக வட்டி கட்டவில்லை, எவன் நெல் விற்றால் தருவான், எவன் தரவே மாட்டான் என்பது அடுத்தாளின் தலைக்குள்தான் இருந்தது. பேரேட்டில் தொகை இருக்கும், ஆளின் குணம் இருக்காது. இன்னொன்று, அவரை அனுப்பியது முதலாளி. மேலாள் தன் இஷ்டத்துக்கு எடுத்துவிட முடியாது.

நடுவில் வந்த பிரதமரின் நிலைமையும் ஏறக்குறைய இதுதான். முதலாளி வாக்காளர். அவர் கணக்கு எழுதிக் கொடுத்தது முந்தைய தலைவர் பெயரில். புதிதாக வந்தவர் அந்த மூன்று வருஷக் கணக்கின் மிச்சத்தைத்தான் நடத்துகிறார். தேர்தலில் தன் பெயரில் ஜெயித்து வருகிறவரை அவருக்குப் புது முதல் கிடையாது.

ராஜீவ் காந்தி இதைப் புரிந்து செய்தாரா, அவசரத்தில் அப்படி அமைந்ததா என்று சொல்ல முடியாது. ஆனால் நடந்தது அளவெடுத்த மாதிரி இருக்கிறது. 1984 அக்டோபர் 31-ல் தாயார் சுடப்பட்ட அன்றைக்கே சின்ன அமைச்சரவையோடு பதவியேற்றார்: நரசிம்ம ராவ், பிரணாப் முகர்ஜி என்று எல்லாம் பழைய முகங்கள். டிசம்பரில் தேர்தல், 400-க்கும் மேல் இடங்கள். டிசம்பர் 31-ல் புது அமைச்சரவை வந்தபோது பிரணாப் அதில் இல்லை. நிதிக்கு வி. பி. சிங். பழையதும் புதியதும் இரண்டுமே அவர் செய்தார். நடுவில் ஒரு தேர்தலை வைத்துச் செய்தார்.

ஆக முதல் இரண்டு வழிகளில் எது நல்லது என்பதைவிட எப்போது என்பதுதான் கேள்வி என்று சொன்னேன். உமையாள் சீட்டுகளை அடுக்கினாள். "அப்ப தேர்தல் வரைக்கும் யாரையும் தொடக் கூடாதா? விலைவாசி ரெண்டு வருஷம் காத்திருக்குமா?"

காத்திருக்காது. அதற்குத்தான் மூன்றாவது வழி. இதில்தான் எனக்கு ஆசை அதிகம், அதனால் கொஞ்சம் கூடப் பேசிவிட்டேன். இடைப்பலகாரத்துக்கு வெள்ளைப் பணியாரம் வந்து ஆறியது கூடத் தெரியவில்லை.

1964 மே 27-ல் நேரு இறந்தார். குல்சாரிலால் நந்தா இடைக்காலப் பிரதமர். கட்சித் தலைவர் காமராஜர் ஒவ்வொருவரிடமும் கேட்டு, ஜூன் 9-ல் சாஸ்திரி பதவியேற்றார். அவருடைய பட்டியலைப் பாருங்கள். நிதியில் டி. டி. கிருஷ்ணமாச்சாரி அப்படியே. உள்துறையில் நந்தா அப்படியே. பாதுகாப்பில் சவாண் அப்படியே. 1962 போர் முடிந்து இரண்டு வருஷம்கூட ஆகாத நேரத்தில் பாதுகாப்பில் கை வைத்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். வெளியுறவைத் தன்னிடமே வைத்திருந்து, உடம்பு ஒத்துக்கொள்ளாமல் ஜூலையில் ஸ்வரண் சிங்கிடம் கொடுத்தார். செய்தி ஒலிபரப்புக்கு இந்திரா. இதுவரை பார்த்தால் தொடர்ச்சிதான்.

ஆனால் நாட்டை அரித்துக்கொண்டிருந்தது உணவுப் பஞ்சம். அமெரிக்கக் கப்பலில் கோதுமை வந்தால்தான் ரேஷன் கடை ஓடும் என்ற நிலை. உணவுத் துறைக்கு ஆசைப்பட்டு யாரும் வரிசையில் நிற்கவில்லை. சாஸ்திரி என்ன செய்தார்? கனரகத் தொழிலும் எஃகும் பார்த்துக்கொண்டிருந்த சி. சுப்பிரமணியத்தைத் தூக்கி அங்கே போட்டார். பொள்ளாச்சிக்காரர், ராஜாஜி காலத்திலிருந்தே நிர்வாகம் பழகியவர். 1965 ஜனவரியில் இந்திய உணவுக் கழகமும் விவசாய விலைக் குழுவும் வந்தன. 1966-ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை வந்தது. அதற்குள் சாஸ்திரி தாஷ்கண்டில் இறந்து, இந்திரா வந்துவிட்டார். அவரும் சி.எஸ்.ஸை அதே இடத்தில் விட்டார். பிரதமர் மாறியும் துறையில் ஆள் மாறாததால்தான் அந்த வேலை நடந்தது. 1967 தேர்தலில் சி.எஸ். தோற்றுப்போனார் என்பது வேறு கதை. விதைத்தவர் அறுவடையின்போது களத்தில் இல்லை.

லண்டனில் 1990 நவம்பரில் இதே மாதிரி ஒன்று நடந்தது. மார்கரெட் தாட்சர் விழுந்ததற்கு முக்கியக் காரணம் தலைக்கு இவ்வளவு என்று எல்லாரிடமும் வாங்கிய உள்ளாட்சி வரி. அடுத்து வந்த ஜான் மேஜர், தாட்சரை எதிர்த்து நின்றவரும் தன்னையும் எதிர்த்து நின்றவருமான மைக்கேல் ஹெசல்டைனை உள்ளே கூப்பிட்டு, உள்ளாட்சியைக் கவனிக்கிற சுற்றுச்சூழல் துறையைக் கொடுத்தார். எரிகிற அடுப்பை ரொம்ப சத்தம் போட்ட ஆளிடமே கொடுத்தது எனக்குப் பிடித்த காரியம். அந்த வரி போய், 1993 ஏப்ரலில் வேறு வரி வந்தது. இன்னொரு போட்டியாளர் டக்ளஸ் ஹர்ட் வெளியுறவில் தொடர்ந்தார். தன் தேர்தல் வேலையைப் பார்த்த நார்மன் லாமண்டுக்கு நிதியைக் கொடுத்தது மட்டும் விசுவாசத்துக்குக் கொடுத்த சீர் என்று வைத்துக்கொள்ளலாம். 1992-ல் மேஜர் தன் பெயரிலேயே தேர்தலில் ஜெயித்தார்.

போட்டியாளரை உள்ளே எடுப்பது என்று முடிவு செய்தால் மட்டும் போதாது. எதைக் கொடுப்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. 2016-ல் பிரிட்டன் பிரதமராக வந்த தெரசா மே, போரிஸ் ஜான்சனுக்கு வெளியுறவைக் கொடுத்தார். பெரிய பேர், பெரிய மாளிகை. ஆனால் அப்போதைய உண்மையான வேலை, ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகுவது. அதை வேறொரு துறையாகப் பிரித்து டேவிட் டேவிஸிடம் கொடுத்துவிட்டார். கையில் வேலை குறைவாகவும் வாயில் பேச்சு அதிகமாகவும் இருந்த ஜான்சன் இரண்டு வருஷத்தில் வெளியே போனார், அதற்கடுத்த வருஷம் மேயின் நாற்காலிக்கே வந்தார். மறுபக்கம் 1967-ல் இந்திரா, மொரார்ஜி தேசாயைத் துணைப் பிரதமராக்கி நிதியையும் கொடுத்தார். பெட்டிச் சாவியே கொடுத்த மாதிரி. 1969 ஜூலை 16-ல் சாவியைத் திருப்பி வாங்கினார், மொரார்ஜி விலகினார், 19-ல் 14 வங்கிகள் அரசுடைமை, வருஷம் முடிவதற்குள் கட்சியே இரண்டாகப் பிளந்தது. போட்டியாளருக்கு அலங்காரத் துறையும் ஆகாது, பெட்டிச் சாவியும் ஆகாது. ஊர் பார்க்கிற வேலை, கஷ்டமான வேலை, ஜெயித்தால் அவருக்கும் பேர் கிடைக்கிற வேலை கொடுக்க வேண்டும். ஜப்பானில் 2025 அக்டோபரில் சனாய் தகாயிச்சி, தலைவர் போட்டியில் தன்னோடு மோதிய மொடேகிக்கு வெளியுறவும் கொய்சுமிக்குப் பாதுகாப்பும் ஹயாஷிக்கு உள்விவகாரமும் கொடுத்தார். ஒரு வீச்சில் மூன்று பேர். கொஞ்சம் தாராளம்தான்.

எண்ணிக்கை பற்றியும் கேட்டாள். அதில் பெரிதாகப் பேச ஒன்றுமில்லை. 2003-ல் வந்த 91-வது திருத்தத்தின்படி மக்களவையின் மொத்த எண்ணிக்கையில் 15 சதவீதம் வரை; 543-க்கு 81 பேர். அவ்வளவையும் நிரப்ப வேண்டும் என்று கட்டாயமில்லை. கனடாவில் 2025 மார்ச்சில் மார்க் கார்னி வந்தபோது தன்னையும் சேர்த்து 24 பேரோடு தொடங்கினார், தேர்தலுக்குப் பிறகு பெருக்கிக்கொண்டார். காலியிடம் வைத்திருந்தால் எதிர்பார்த்து நிற்கிறவர்கள் கொஞ்ச நாளைக்கு நல்லவர்களாக இருப்பார்கள். நாடாளுமன்ற உறுப்பினர் அல்லாதவரைப் போட்டால் ஆறு மாதத்துக்குள் அவர் ஏதாவது ஒரு சபைக்குள் வர வேண்டும், அவ்வளவுதான்.

நான் உமையாளுக்குச் சொன்ன முடிவு இது. உள்துறை, பாதுகாப்பு, வெளியுறவு, நிதி, இந்த நாலு கல்லிலும் கை வைக்காதே. பிரதமரோடு இவர்கள் நாலு பேர்தான் பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு. அங்கே எல்லாரும் ஒரே நாளில் புதுசாக இருந்தால் முதல் ராத்திரியே ஏதாவது வந்தால் திண்டாட்டம். நிதி அமைச்சர் உனக்கு எதிராக நின்றவர்தான், இருக்கட்டும். "வேண்டாம்" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். உணவுத் துறையை மாற்று, அங்கே உன்னை எதிர்த்து நின்றவரைப் போடு. மற்றதில் ஒன்றிரண்டு புது முகம், போதும். பெரிய வெள்ளையடிப்புக்குத் தேர்தல் முடியட்டும்.

எதிர்க் கட்சியாக யோசித்தால் இதில் ஓட்டை இருக்கிறது, அதையும் சொன்னேன். உணவில் அந்த ஆள் ஜெயித்துவிட்டால் தேர்தல் நேரத்தில் அவர்தான் நாயகன். ஹெசல்டைன் மேஜரைக் கவிழ்க்கவில்லை என்பதால் எல்லாரும் அப்படியே இருப்பார்கள் என்று உறுதி கொடுக்க முடியாது. ஆனால் விலை ஏறிக்கொண்டே போனால் நாயகன் ஆவதற்கே யாரும் மிஞ்ச மாட்டார்கள்.

வியாழக்கிழமை ராத்திரி போன் வந்தது. போட்டியாளர் வேஷம் போட்ட தேவகோட்டைப் பையன் உணவுத் துறைக்கு உடனே சரி என்றுவிட்டானாம். சிக்கல் வேறு இடத்தில். நிதி அமைச்சர் வேஷத்தில் இருக்கிற பெண், தன் ஆளைத் தோற்கடித்தவளின் அமைச்சரவையில் சேர மாட்டேன், வெளியில் இருந்து ஆதரவு மட்டும் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

"இப்ப வேற ஆளப் போடவா, அம்மான்?"

"போடாதே ஆத்தா. நம்ம கண்டனூர் கதை தெரியுமா உனக்கு?"

1997 ஏப்ரலில் தேவ கவுடா ஆட்சி கவிழ்ந்தது. ஐக்கிய முன்னணிக்கு அடுத்த தலைவர் யார் என்ற பேச்சில் மூப்பனார் பெயர் அடிபட்டது, கடைசியில் ஐ. கே. குஜ்ரால் வந்தார். கோபத்தில் மூப்பனாரின் கட்சியான தமிழ் மாநில காங்கிரஸ், ஆதரவு உண்டு, அமைச்சரவையில் சேர்வதில்லை என்றது. நிதி அமைச்சராக இருந்தவர் அந்தக் கட்சியின் சிவகங்கைத் தொகுதி உறுப்பினர், காரைக்குடிக்குப் பக்கத்துக் கண்டனூர்க்காரர், ப. சிதம்பரம். அந்தப் பிப்ரவரியில்தான் வரியைக் குறைத்து அவர் போட்ட பட்ஜெட்டை நாடே பேசியது. குஜ்ரால் ஏப்ரல் 21-ல் பதவியேற்றபோது நிதிக்கு வேறு யாரையும் போடவில்லை, தன்னிடமே வைத்துக்கொண்டார். பத்து நாளில் பேச்சுவார்த்தை முடிந்தது. மே 1-ல் சிதம்பரம் அதே நாற்காலிக்குத் திரும்பி வந்தார்.

மறுநாள் சாயங்காலம் உமையாள் வந்தாள். பட்டியலைக் கொடுத்துவிட்டாளாம். சீட்டுகள் எல்லாம் இன்னும் முகப்பிலேயே இருந்தன, யாரும் கூட்டித் தள்ளவில்லை. நிதி என்று சாக்பீஸால் எழுதியிருந்த கல்லில் தன் பெயர்ச் சீட்டை வைத்து, அதன் மேல் அந்தப் பெண்ணின் சீட்டைக் கவிழ்த்து வைத்திருந்தாள்.